கண்ணாடிக்குள் மலை

மாசி, செவ்வாய்க்கிழமை இரவு.

மாமனார் படுத்தபடியே மலையைப் பார்க்கட்டும் என்றுதான் இந்தப் பெரிய கண்ணாடி ஜன்னலை வைத்தோம். புறாக்கள் வந்து மோதுகின்றன. கண்ணாடி இருப்பது அவற்றுக்குத் தெரியட்டும் என்று நேற்று மாவு கரைத்து, கண்ணாடி முழுக்க நெருக்கமாகக் கோலப்புள்ளி வைத்தேன், உள்பக்கமாக. புத்தி எங்கே போனதோ. இன்றும் ஒன்று மோதிச் செத்தது. எடுக்க வெளியே போனபோதுதான் பார்த்தேன். கண்ணாடியில் மலைதான் தெரிந்தது, என் புள்ளி ஒன்றுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் வெளிப்பக்கம் வைத்தேன். “மலைய மறைக்குதா மாமா?” என்று கேட்டேன்.

“மறைச்சா மறைக்கட்டும்மா. அந்தப் புறாவும் மலைக்குத்தான வந்துச்சு.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மோதிய இடத்தில் இரண்டு சிறகும் விரிந்தபடி தூசியாகப் பதிந்திருக்கின்றன. விளக்கை அணைத்தாலும் தெரிகிறது. துடைக்கக் கை வரவில்லை. அதைச் சுற்றித்தான் புள்ளி வைத்திருக்கிறேன்.