இரண்டாம் பாகம் உன்னிடம் இருக்கிறது

சாம்பியன் ரீப்ஸ்,
1899 ஆகஸ்டு 21.

ரங்கூனில் இருக்கும் என் பிரியமுள்ள குமாரன் ஏனோக்குக்கு அப்பா பர்னபாஸ் அநேக ஆசீர்வாதங்களோடு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், அது எவ்வளவு உண்மை என்று கீழே படித்துத் தெரிந்துகொள். உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும். நீ போய்ப் பதினோரு மாதமாகிறது, இது என் நாலாவது கடிதம், ஒன்றுக்கும் பதில் இல்லை. அம்மா தினமும் கேட்டுக் கேட்டு இப்போது தபால்காரன் நம் லைன் வீடுகள் பக்கம் வந்தாலே தலையைக் குனிந்துகொண்டு போகிறான். அக்கா ஜூடித்துக்குப் போன மாதம் மூன்றாவதும் பெண் பிறந்தது. அவள் வீட்டுக்காரர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் அதே வேலையில்தான் இருக்கிறார். மழை இல்லை, ஆலையில் கல்லை அரைத்துக் கொட்டின மணல் பறந்து வந்து சோற்றில் விழுகிறது.

எனக்குக் கிளப் வாசகசாலை வேலை போய்விட்டது. இருமலால் நிறுத்திவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், உள்ளதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். ருஷ்யாக்காரன் நம் தேசத்து எல்லைக்கு வந்துவிடுவான் என்று பேப்பர்கள் எழுத எழுதத் துரைமாருக்கு அவன் தேசத்துக் கதைகளைப் படிக்க ஆசை வந்து, புதிதாக இங்கிலீஷில் பெயர்த்த சரித்திர நாவல்களை ஒரு பெட்டி நிறைய கிளப் வாசகசாலைக்கு வரவழைத்தார்களே, நினைவிருக்கிறதா? தாள்களெல்லாம் ஓரம் வெட்டாமல் மடிப்போடு ஒட்டியே வந்திருந்தன, வெட்டினால்தான் பிரித்துப் படிக்கலாம், சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் வெட்டி அலமாரியில் அடுக்க வேண்டும் என்று செக்ரட்டரி துரை உத்தரவு. நான் ஒருவனாக முடிக்க ஆகாது என்று, விதியை மீறி, மூன்று பாக நாவல் ஒன்றின் இரண்டாம் பாகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டச் சொல்லி உன்னிடம் கொடுத்தேன். நீ அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கப்பலேறிவிட்டாய். வேண்டுமென்று எடுத்தாயோ, சண்டையில் மறந்து வைத்தாயோ, நான் கேட்கப்போவதில்லை. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் ஆசையாக வாங்கினார்களே தவிர அந்த ருஷ்யப் பெயர்களைக் கண்டு பயந்து ஒரு துரையும் தொடவில்லை. போன வாரம் புதிதாக வந்த துரைசானி ஒருத்தி முதல் பாகத்தை முடித்துவிட்டு இரண்டாவதைக் கேட்டாள். பதிவேட்டில் மூன்று பாகம் வந்ததாக என் கையெழுத்து இருக்கிறது. நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன், விளக்கு கவிழ்ந்து எரிந்துபோயிற்று, பயத்தில் சொல்லவில்லை என்று சொன்னேன். பதினான்கு வருஷம் வைத்திருந்த சாவிக்கொத்தை மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். மாதக் கடைசியில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். ஜூடித் வீட்டுக்குத்தான் போகிறோம், ஒரே அறை, ஏழு பேர்.

ஆகவே முந்தின கடிதங்களில் புத்தகத்தை அனுப்பு, அனுப்பு என்று எழுதினேனே, இனி அனுப்பாதே. ரங்கூன் முத்திரையோடு அது இங்கே வந்தால் என் பொய் வெளிப்பட்டுத் திருட்டு உன் பேரில் விழும், நீ தேடிப்போன கிளார்க் வேலையும் போகும். அந்த மூன்று கடிதத்திலும் புத்தகத்தைத் தவிர வேறொன்றும் எழுதாமல் விட்டேன், அதுதான் என் வீம்பு. புறப்படுவதற்கு முந்தின நாள், உனக்காக நான் வாங்கிவைத்த சுரங்க டைம்கீப்பர் வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, காலம் பூரா துரைமாருக்குச் சலாம் போட்டு நீங்க இன்னா கண்டீங்க என்று அம்மா முன்னால் கேட்டாய். போனா அப்படியே போ, என் சாவுக்குக்கூட வராதடா என்றேன். உன் கேள்வி நியாயம்தான் என்று இப்போது தெரிகிறது, ஆனால் அன்றைக்கு நெஞ்சு எரிந்தது. இருமலில் ரத்தம் வருகிறது, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள். கிறிஸ்துமஸ் பார்ப்பேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. வா என்று எழுதக் கை வரவில்லை, வராதே என்றவன் நான்தானே.

அந்தக் கதையை மட்டும் விடமுடியவில்லை. வெட்ட வெட்டப் படிப்பதுதான் என் படிப்பு என்று உனக்குத் தெரியும். முதல் பாகத்தில், ருஷ்யாவில் ராஜா இல்லாத காலம், நான்தான் ராஜா என்று ஒரு பொய்க்காரன் கிளம்புகிறான். ஒரு கோட்டையின் வாயிற்காவல் கிழவருடைய மகன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறான். பிறகு காயத்தோடு பனியில் வந்து கதவைத் தட்டுகிறான், கிழவர் திறக்கவில்லை. அதோடு முடிகிறது. மூன்றாம் பாகத்தின் முதல் தாளை வெட்டினால், மகன் அப்பாவின் கல்லறைமேல் கிடக்கிற பனியை ஒதுக்கிக்கொண்டு நிற்கிறான், கோட்டைச் சாவி அவன் இடுப்பில் தொங்குகிறது. யார் கொடுத்தது என்று கடைசிவரை தேடினேன், அதில் இல்லை. உன்னிடம் இருக்கிற பாகத்தில்தான் இருக்க வேண்டும்.

நீ இன்னும் வெட்டாமல் வைத்திருந்தால் சமையல் கத்தியால் வெட்டாதே, தாள் கிழியும், மூங்கிலை மெல்லியதாகச் சீவி வெட்டு. படித்து முடித்ததும் கிளப் முத்திரை உள்ள தாளை முதலில் எரி, பிறகு மற்றதை எரி, நான் சொன்ன பொய் மெய்யாகிவிடட்டும். அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடி, காய்ச்சல் ஊர் என்கிறார்கள். அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். நீ இருக்கிற இடத்தில் கர்த்தர் உனக்குத் துணையாயிருந்து, உன் உத்தியோகத்தை நிலைநிறுத்தி, யாருக்கும் தலைகுனியாமல் உன்னை வாழவைப்பார். மறக்காதே, அந்தச் சாவியைக் கிழவர் உயிரோடிருக்கும்போது தம் கையாலேயே மகனுக்குக் கொடுத்தாரா என்று பார்த்து ஒரு வரி எழுது. கொடுக்கவில்லை என்று இருந்தால் எழுத வேண்டாம், கடிதம் வராததிலிருந்து நானே தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு, உன் அப்பா,
பர்னபாஸ்.