முள்ளிப்பட்டில் நீ எழுதாத பதில்

நேற்று ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக வாசலுக்கு வந்து, "நீங்க எந்தக் கட்சிம்மா? ரெண்டே நிமிஷம்" என்றாள். வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. உன் ஞாபகம்தான் வந்தது.

எழுபதுகளின் கடைசியில் நாமும் இப்படித்தான் ஆரணியைச் சுற்றி அலைந்தோம். வட ஆற்காடு மாவட்டத்தில் எந்தச் சாதி, எந்த மதம், எந்த மொழிக்காரர் எந்தக் கட்சிப் பக்கம் என்று கேட்டுவரச் சொல்லிச் சென்னையிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். உனக்கு வீட்டில் உருது, கடைத்தெருவில் தெலுங்கு, என்னிடம் தமிழ். அதனால் உன்னை எடுத்தார்கள், துணைக்கு என்னை. தெருவுக்குத் தெரு ஒரே கட்சி இருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. "ஒரு வூட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி இருக்குது, தெருவுக்கு ஒண்ணாம்!" என்று நீ சிரிப்பாய். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். எந்தப் பெண்ணைக் கேட்டாலும், "எங்க வூட்டுக்காரரைக் கேளுங்க" என்பாள்.

முள்ளிப்பட்டில் ஒருத்தி மட்டும் பதில் சொன்னாள். புருஷன் வெளியே போயிருந்தான். தறியை விட்டு எழாமலே உன்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னாள். வாசலில் நின்ற எனக்குக் கேட்கவில்லை.

தெருமுனையில் முதலாளி நம்மை நிறுத்தினார். அந்தத் தெருவுக்கே தறியில் ஏற்றப் பாவு நூலும் பட்டும் கொடுத்து நெய்யவைப்பவர், ஊறிய கட்சிக்காரர். "யார் வூட்ல என்னா சொன்னாங்க? சும்மா சொல்லும்மா, நான் என்னா பண்ணிடப்போறேன்?"

என்ன பண்ணுவார் என்று ஊருக்கே தெரியும். வேறு கட்சி பேசிய வீட்டுக்கு அடுத்த பாவு வராது. தறியும் அடுப்பும் சும்மா கிடக்கும்.

"எல்லாரும் உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க. நீங்க சொல்லுங்க முதலாளி" என்றாய். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் கால் கடுத்தது.

சென்னைக்காரர்கள் தங்கியிருந்ததே அவர் வீட்டு மாடியில்தான். நாம் பதில் எழுதிக் கொடுக்கும் தாள்களெல்லாம் அங்கேதான் கிடக்கும். அதனால் அந்தத் தறிக்காரியின் தாளை வெறுமையாகவே கொடுத்தாய். "வெறுந்தாள் கொண்டாறவா உங்களை அனுப்பினோம்?" என்று கத்தினார்கள். அந்த வேலை உனக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து உன்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"என்கிட்டயாவது சொல்லேன்டி" என்றேன்.

"உனக்கு எதுக்கு அந்த பேஜாரு?" என்று நடையைக் கட்டினாய். எனக்குச் சுருக்கென்றது. அந்த மனத்தாங்கல் வருஷக்கணக்காக இருந்தது.

நீ கண்ணை மூடிய மூன்றாம் நாள் உன் வீட்டுக்கு அந்த முள்ளிப்பட்டுத் தறிக்காரி வந்திருந்தாள். அழுது முடித்தபின் என்னை ஓரமாக அழைத்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னத உங்ககிட்ட சொன்னாங்களா? இன்னும் அந்த முதலாளி பாவுதாங்க நெய்ஞ்சிகினு இருக்கேன்."

"இல்லம்மா" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அவள் தோள் தளர்ந்தது.

எத்தனையோ பேருக்கு எத்தனையோ சமாதானம் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறேன். அன்று அவளிடம் பொய் கலக்காமல் "இல்லை" என்று சொல்ல முடிந்தது. அந்த ஒரு சொல்லை நீதான் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.