அவர் பெயர் எழுதிய ஜாமூன் மிக்ஸ்

ஞாயிறு, இரவு

எத்தியோப்பியாவில் ஷூ கம்பெனியில் இருக்கும் என் கணவருக்குக் கொடுக்கச் சொல்லி, அங்கேயே வேலைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு மணியிடம் போன வாரம் ஜாமூன் மிக்ஸும் பாயச மிக்ஸும் கொடுத்தேன். பாக்கெட்டில் அவர் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தேன்.

இன்று மணியின் அம்மா கூப்பிட்டு ஜாமூன் கொடுத்தார்கள். இரண்டு தின்ற பிறகுதான் அடுப்பு மேடையில் கிழித்த பாக்கெட்டைப் பார்த்தேன். என் கையெழுத்து!

“வெயிட் ஜாஸ்தியாப் போச்சும்மா, வெச்சிட்டுப் போய்ட்டான். வீணாப் போவுமேன்னு செஞ்சேன்.”

“அவன் தூக்கிட்டுப் போன உங்க முறுக்கு டின்னுக்கு மட்டும் வெயிட்டே இல்லியா?”

பிரிக்காத பாயச மிக்ஸைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் போனில் இவர் சொல்கிறார்: “மணி முறுக்கு குடுத்தான். அவங்கம்மா கைப்பக்குவமே தனி.”

பட்டென்று வைத்துவிட்டேன். பல் தேய்த்தும் வாயில் அந்த ஜாமூன் தித்திக்கிறது.