சஷ்டியின் சிவப்பு ஜீப்

18-7-2025, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு வந்து வீட்டுக் கணக்கை முடித்தேன். பிறகு குழந்தை சஷ்டியின் பேட்டரி பொம்மை ஜீப்புக்கு சார்ஜ் போட்டேன்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் மாசம் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்று ஜீப்போடு வந்த தாளில் இருக்கிறது. முழுக்க இங்கிலீஷ். ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படித்தேன். சார்ஜரில் சிவப்பு லைட்டு பச்சையானதும் பிடுங்கிவிட வேண்டும். அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்து கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டுத் தையலம்மாள் எட்டிப் பார்த்தாள். “ஓட்ட ஆளில்லாத வண்டிக்குக் கரண்டு ஊத்திகினு கீறியே. எம் பேரனுக்குக் குடேன்” என்றாள். சஷ்டி வந்தால் கேட்பாள் என்றேன். “அவ எங்க வரப்போறா” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வருவாள்.

27-7-2025

ஓசூரிலிருந்து போன். கொழுந்தன் அருள்முருகன் பேசிவிட்டு சஷ்டியிடம் கொடுத்தான். “யாரு?” என்றாள். நான்தான் என்றேன். “நான்தான்னா யாரு?” பின்னாலிருந்து அவன் பெண்டாட்டி அர்ச்சனா மெதுவாக, “பெரிம்மாடி” என்றாள். குழந்தையும் “பெரிம்மாவா” என்றது.

என்ன தப்பு? பெரியம்மாதானே நான். அர்ச்சனா குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது பத்து மாசக் குழந்தையாக என் மடியில் விட்டுவிட்டுப் போனாள். நாலரை வயசில் அவள் திரும்பி வந்து ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் ‘ம்மா’ என்றால் நான்தான். அர்ச்சனாவை ‘போன் அம்மா’ என்பாள். நானே எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். திருத்தினேனா? சத்தியமாகத் திருத்தினேனா?

முருகா, இந்த நெஞ்சை என்ன செய்வது.

20-8-2025

சார்ஜ் போட்டேன். பச்சை வந்தது.

9-9-2025

தீபாவளிக்கு வருகிறார்களாம்! அவர் கழனியிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டே ஏதோ உரம் வாங்குகிற விஷயம் மாதிரிச் சொன்னார். எனக்குக் கையிலிருந்த சொம்பு நழுவிவிட்டது.

ஒன்றரை வருஷம். போன தீபாவளிக்கு அர்ச்சனாவின் அம்மா வீட்டுக்குப் போனார்கள். பொங்கலுக்குக் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. இந்தத் தடவை கண்டிப்பாக வருகிறார்கள்.

என்னை மறந்திருந்தாலும் ஜீப்பை மறந்திருக்க மாட்டாள். அதில் ஏறினால் எல்லாம் ஞாபகம் வந்துவிடும். நாலாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. பெடலை மிதித்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போவாள். பின்னாலேயே நான் ஓட வேண்டும். துளசி மாடத்தில் இடித்து முன்பக்கம் உடைந்த இடம் அப்படியே இருக்கிறது. டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, “பெட்ரோல் போடும்மா” என்று சார்ஜ் போடுகிற ஓட்டையில் ஊற்றப் பார்ப்பாள். ஒருநாள் கையைத் தட்டிவிட்டேன். தண்ணி பட்டா வண்டி செத்துடும்டி கண்ணு என்று நான் சொன்னதைக் கேட்டு, அன்றைக்கு மழைத் தூறலில் ஜீப்புக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றது குழந்தை.

1-10-2025, புதன்

சரஸ்வதி பூஜை. இதை எழுதவே கை வரவில்லை.

காலையிலிருந்து டிராக்டர், பைக், மருந்தடிக்கும் மெஷின், என் தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துக் கழுவினோம். வீட்டில் இருக்கிற வண்டிகளில் சஷ்டி வண்டியை மட்டும் எப்படி விடுவது? ஓஸ் பைப்பைப் பிடித்தேன். சோப்பு போட்டேன். அடியில் ஒட்டியிருந்த பழைய சேறு போகட்டும் என்று கவிழ்த்தும் அடித்தேன். சந்தனம், குங்குமம், கதம்பம் எல்லாம் வைத்தேன். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழமும் வைத்தேன்.

டிராக்டர் பழத்தை நசுக்கிக்கொண்டு போனது. பைக்கும் போனது. அடுத்து இது என்று குனிந்து, கையாலேயே பெடலை அமுக்கினேன்.

அசையவில்லை. லைட்டு எரிகிறது. ஆரன் அடிக்கிறது. சக்கரம் மட்டும் சுற்றவில்லை. அதன் கீழே எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது.

தண்ணி பட்டா செத்துடும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தவ நானு. அந்தப் பச்சைப் புள்ளைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியே. பூஜைன்னதும் புத்தி எங்க போச்சு? தாயே, உனக்காகத்தானே கழுவினேன் — இல்லை. பொய் எழுதக்கூடாது. அவளுக்காகத்தான் கழுவினேன்.

3-10-2025

வெயிலில் வைத்துப் பார்த்தேன். பேன் காற்றில் வைத்துப் பார்த்தேன். கற்பூரம் காட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

4-10-2025

வில்லியனூரில் பேட்டரி வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிற நவீன்குமாரிடம், அவர் டிராக்டர் டிப்பரில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் போனேன். திருகைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இன்னாக்கா, தலைக்கு ஊத்திட்டீங்களா? உள்ள சந்தனம்லாம் கீது.”

பூஜைக்கு என்றேன். “டிராக்டர்னு நெனச்சிட்டாங்க” என்று அவரிடம் சொன்னான். அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உள்ளே இருக்கிற போர்டு போய்விட்டதாம். டெல்லியிலிருந்து வர வேண்டும். தீபாவளிக்குள் வந்துவிடுமா என்று கேட்டேன். “வந்தா வரும்க்கா” என்றான். இது ஒரு பதிலா?

16-10-2025

மழை பிடித்துக்கொண்டது. போர்டு வரவில்லை. நவீன்குமார் ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டான். கியரைக் கழற்றிவிட்டிருக்கிறான். “பின்னாலேர்ந்து தள்ளினா போவும், இப்போதிக்கு அவ்ளோதான்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

எந்த முகத்தோடு காட்டுவேன்? பழைய புடவையால் மூடி வைத்துவிட்டேன். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். கேட்காமல் போய்விட்டால்?

18-10-2025, சனி

வந்துவிட்டார்கள். எவ்வளவு உயரம்! முன்பல் இரண்டும் இல்லை. முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறார்கள். அர்ச்சனாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, “நல்லாக்கீறீங்களா பெரிம்மா” என்று கேட்டாள். நீங்களாம். சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்கள் போல.

அவளுக்குப் பிடிக்குமே என்று வாங்கி வைத்த சீத்தாப்பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். ஜீப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

19-10-2025

முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து “ம்மா” என்று சத்தம். கரண்டியைப் போட்டுவிட்டு, “இன்னாடி கண்ணு” என்று ஓடினேன். குளியலறையிலிருந்து அர்ச்சனாவும் ஈரத் தலையோடு ஓடிவந்தாள். நடுவில் குழந்தை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அர்ச்சனாவிடம் போய், “சார்ஜர் எங்க” என்று கேட்டாள். செல்போன் சார்ஜர்.

எண்ணெய் காய்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். அர்ச்சனா பின்னாலேயே வந்து முறுக்குப் பிழிய உட்கார்ந்தாள். நாலு முறுக்குப் பிழிந்து வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

“அங்க வார்டுல எந்தப் புள்ள அம்மான்னு கத்தினாலும் திரும்பிடுவேன்க்கா. அரபிப் புள்ளைங்க. அதுங்க யாரையோ கூப்புடும். நான் திரும்பிடுவேன்.”

குவைத்தில் அவள் எப்படி இருந்தாள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பணம் வந்ததா, போன் வந்ததா, அவ்வளவுதான் நினைத்திருக்கிறேன்.

20-10-2025, தீபாவளி

எண்ணெய் தேய்த்துவிட்டது நான்தான். அர்ச்சனாதான், “நீங்க தேய்ங்கக்கா” என்றாள். புதுத்துணி உடுத்திச் சாமி கும்பிட்டோம். மழை விட்டிருந்தது.

வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டு நிமிர்கிறேன், புடவையை இழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறாள்! எப்போது பார்த்து வைத்தாளோ. முட்டி இரண்டும் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. பெடலை மிதிக்கிறாள், மிதிக்கிறாள், ஆரன் மட்டும்தான் அடிக்கிறது. காலைத் தரையில் ஊன்றி உந்திக்கொண்டு வந்தாள். நான் எதிரில் கோலப்பொடியோடு நிற்கிறேன்.

“தள்ளு பெரிம்மா” என்றாள்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளினேன். கோலத்தின் மேலேயே போயிற்று வண்டி. அவளுக்கு அப்படியொரு சிரிப்பு.

“ஐய, உன்ன ஓரமா தள்ளிக்கத்தான் சொன்னேன்!”

கையை எடுத்துவிட்டேன். ஜீப்பு நின்றுவிட்டது. நானும் நின்றேன். உன்ன என்றாளே, அதுகூட அப்போது உறைக்கவில்லை. வழியை விடச் சொல்லியிருக்கிறாள், அது புரியாமல் போய்த் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தாள்.

“சரி, தள்ளு.”

தெருக்கோடி வரைக்கும் தள்ளினேன். தையலம்மாள் பேரன் பின்னால் ஓடிவந்தான். அவனையும் ஏற்றிக்கொண்டாள். இடுப்பு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அர்ச்சனா, “நகருங்கக்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த தடவை அவள் தள்ளினாள். நான் நகர்ந்துகொண்டேன். வாசலில் நின்று பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

22-10-2025

போய்விட்டார்கள். வீடு கூட்டினேன். துப்பட்டா ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் அர்ச்சனா.

5-11-2025

நவீன்குமார் போன் செய்தான். போர்டு வந்துவிட்டதாம், மாட்டிவிடட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும்பா, அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

16-11-2025, ஞாயிறு

ஓசூர் போன்.

“யாரு?” என்றாள்.

“பெரிம்மா பேசறேன்டி” என்றேன். நானே சொன்னது இதுதான் முதல் தடவை.

பல் முளைத்துவிட்டதாம். கணக்கில் நூறு வாங்கினாளாம். அப்புறம், “ஜீப்பு ஓடுதா பெரிம்மா?” என்று கேட்டாள்.

தள்ளினா ஓடும் என்றேன்.