புட்டுத் தின்ற வெள்ளைக்காரப் பெடியன்

சோளப்பொரி வாசனை மூக்கில் ஏறும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாழ்ப்பாண நகரத்துத் தியேட்டர், ஞாயிறு பின்னேரக் காட்சி. "அம்மா, உங்கடை சின்ன வயசுப் புத்தகம் படமா வந்திருக்கு" என்று மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். தோழி, சின்ன வயதில் நீ எனக்கு வாசித்துக் காட்டிய அதே மூடுபனி நாட்டுக் கதை. நம் கதையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், ஒரு பிழை விடட்டும், பிடிக்கிறேன் என்று கறுவிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

நினைவிருக்கிறதா? புத்தூரில் எங்கள் வெங்காயக் கொட்டிலில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த அட்டையில்லாத இங்கிலீசுப் புத்தகத்தை மடியில் விரிப்பாய். எனக்கு இங்கிலீசு வராது. நீ ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் பத்து வரி தமிழில் கதைப்பாய். பக்கத்தில் அம்மா வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருப்பார். சைக்கிளில் டவுனுக்குப் போன என் அண்ணை திரும்பி வராமல் அப்போது ஆறு மாதம். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கதையில், தங்கையைத் தப்பவிட்டு மூடுபனிக்குள் அகப்பட்டுக்கொள்கிற அண்ணன், கடைசிப் பக்கத்தில் நனைந்த சட்டையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தான். வந்தவன் நேரே குசினிக்குப் போய்ப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தின்றான்.

"வெள்ளைக்காரப் பெடியன் புட்டுத் தின்னுவானோடி?" என்று கேட்டேன்.

"இஞ்சை கிடக்கு, பார். உனக்கு விளங்காட்டி நான் என்ன செய்யிறது?" என்று புத்தகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். நீட்டிய வேகத்திலேயே மூடியும் விட்டாய்.

படத்தில் அவன் வரவேயில்லை. தங்கை தனியாகக் கரையேறினாள், தியேட்டர் விளக்குகள் எரிந்தன. "கெடுத்துப் போட்டாங்கள்!" என்று முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். மகள் அங்கேயே போனில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தேடி எடுத்தாள்.

"இல்லையம்மா. புத்தகத்திலையும் அவன் வாறேல்லை."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன்னைத்தான் விசாரித்தேன். நீ கனடாவில் கண்ணை மூடி ஒன்றரை வருடம், பதில் சொல்ல ஆளில்லை. நீ சொன்ன, வாய் திறந்து கதைக்கும் ஆமை படத்திலும் இருந்தது, சரி. கண்ணாடிப் படகும் சரி. கடைசிப் பக்கம் மட்டும் புளுகு. அதைச் சொல்லும்போது நீ புத்தகத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் கைகளைப் பார்த்தாய் என்பது அப்போதுதான் உறைத்தது. வெங்காயம் கட்டிய கைகள் அப்படியே நின்றிருந்தன.

எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணைக்கு மரணச் சான்றிதழ் எடுக்க அம்மா இன்றுவரை கையெழுத்து வைக்கவில்லை. எத்தனை பேர் படிவத்தோடு வந்து போனார்கள்! அதில் உன் புட்டுக்கும் பங்கு இருக்குமோ? ஒரு சின்னப்பெண் இரக்கப்பட்டுச் சொன்ன பொய்யை நம்பி என் அம்மா முப்பது வருடம் காத்திருந்தாரோ?

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டார். "அந்தப் பெடியன் வந்தவனோ?"

"ஓம் அம்மா, வந்தவன்." யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிட்டது.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொய். அவளும் உப்பிடித்தான், என்ரை முகத்தைப் பாக்காமல் சொன்னவள்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"அப்பவே தெரியும், பிள்ளை. நான் கையெழுத்து வைக்காதது அவளின்ரை கதையாலை இல்லை. என்ரை பிள்ளை செத்தவன் எண்டு ஆரும் எனக்குக் காட்டேல்லை, அதாலை." சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா அவள் சொல்லேக்கை அவன் வந்த மாதிரியே இருந்தது. எங்கை, நீ சொல்லு பாப்பம்."

உன்மேல் வைத்த குற்றம் அத்தனையையும் அந்த இடத்திலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த ஒரு பொய்தான். இனி அதைச் சொல்வது என் முறை. ஒளிந்துகொள்ள ஒரு புத்தகம்கூட என் கையில் இல்லை. ஆனாலும் அவனை மூடுபனியிலிருந்து மெல்ல மெல்ல நடத்திப் படலை வரைக்கும் கொண்டுவந்து விட்டேன்.

கண்ணைத் திறக்காமலே அம்மா, "வா ராசா" என்றார்.