முட்டுக்கட்டை போடாத ஏற்றம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே சௌக்கியம், வண்டியும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா, எதையும் ஒளிக்காமல் எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்ல வந்ததையெல்லாம் தானே சொல்லி முடித்துவிடுகிறார், அதுவும் தனக்குச் சாதகமாக. அதனால்தான் அவர் தண்ணீர் கேன்களை நிரப்பப் போன நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

பின் அறையில் ஒழுகின இடத்தை அடைத்தாயிற்று. பெரியம்மா வந்திருந்தாள். லீவுல வந்த பொண்ணு பட்டறையில வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தாளாமே என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவ படுத்துக் கிடந்ததாலதான் நாங்க நிமிர்ந்து உட்கார்ந்து போறோம்னு சொன்னேன். அதற்கப்புறம் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனாள்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஜீப்பின் பழைய பிரேக்கோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாததா? மேட்டுத் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் நிறுத்துவார், நான் கட்டையும் கையுமாகக் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கீழே முட்டுக் கொடுப்பேன், அப்புறம்தான் அவர் பெடலிலிருந்து காலை எடுப்பார், கேனைத் தூக்குவார். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதே பிழைப்பு. முன்சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போடணும், மிதி லேசாக பூஸ்டர் வைக்கணும், பின்னால் ஹேண்ட் பிரேக்கைப் புதுசாக்கணும் என்று நீ சொன்னபோது மனுஷர் என்ன குதி குதித்தார்! இந்த வண்டி என் காலுக்கு மட்டும்தான் கட்டுப்படும், ரெண்டு மிதி மிதிச்சா நிக்கும், இதுல நீ என்னத்தைப் புதுசா மாட்டப்போற என்றார். ஆனால் நீ வேலையை ஆரம்பித்ததும் பட்டறைக்காரர் விளக்கைப் பிடிக்க, இவர் நட்டு பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பிரேக் ஆயிலில் இருக்கிற காற்றை எடுக்க என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, நீ கீழேயிருந்து அமுக்கும்மா, பிடிச்சுக்கோ, விடும்மா என்று குரல் கொடுத்தாயே, இத்தனை வருஷத்தில் நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பெடல் மெல்ல மெல்லக் கெட்டியானபோது என் கால் வழியாக உன் வேலை எனக்குத் தெரிந்தது.

புது பிரேக் பேடு பழகும்வரை சமதரையிலேயே ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய், அப்படியே செய்தோம். ஆனால் கால் பழகவேண்டாமா? முதல் நாள் கடைத்தெருவில் பழைய ஞாபகத்தில் ஓங்கி மிதித்தார். வண்டி ஆணியடித்த மாதிரி நின்றது, பின்னால் இருந்த கேன் முன்னால் வந்து அவர் முதுகில் உடைந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் ஒரு வாரம் முட்டை மேல் கால் வைப்பது போலத்தான் ஓட்டினார்.

நேற்றுதான் மேட்டுத் தெருவுக்குப் போனோம். மேட்டுல நிறுத்தும்போது நீ இறங்கவே கூடாதும்மா என்று ஊருக்குக் கிளம்பும்போது நீ சொன்னது காதில் இருந்தாலும் பயம் விடவில்லை. கட்டையைக் காலடியில் ஒளித்து வைத்துக்கொண்டுதான் ஏறினேன், கோபித்துக்கொள்ளாதே. டீச்சர் வீட்டு வாசல் எவ்வளவு செங்குத்து என்று உனக்குத் தெரியும். பின்னால் முழு பாரம். ஒரே மிதி, நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பெடலிலிருந்து காலை இம்மி இம்மியாக எடுத்தார். வண்டி லேசாக ஒரு தரம் அசைந்து அப்படியே நின்றுவிட்டது. என் கை தானாகக் கதவுக்குப் போயிற்று. இறங்காத, பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கால்ல என்று அதட்டிவிட்டுத் தான் மட்டும் இறங்கினார். கேனைத் தூக்குவார் என்று பார்த்தால் நேரே பின்னால் போய், நான் கட்டை வைக்கிற இடத்தில், சக்கரத்தை ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்! உசிருக்கு ஆசையில்லையா, இந்தப் பக்கம் வாங்க என்று நான் கத்துகிறேன். டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, அங்க ஏன் சார் நிக்கறீங்க என்று கேட்டாள். கட்டைக்குப் பதிலா நிக்கறேன் டீச்சர், எம் பொண்ணு மாட்டின பிரேக்கு என்றார்.

எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் நிறைந்துபோயிற்று. அந்த மனுஷர் வாயைத் திறந்து உன்னைப் பாராட்டி நீ கேட்டிருக்கிறாயா? நானும் கேட்டதில்லை. இனிமேல் அந்த மாதிரி நிற்கக்கூடாது என்று நீயும் கண்டித்து எழுது. பிரேக்கை நம்பலாம், அதற்காகச் சக்கரத்துக்குப் பின்னால் போய் நிற்பார்களா?

இன்னொன்று. அப்பாவிடம் நீ வண்டியின் வயசைப் பற்றித்தான் பேசினாய். என் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வந்த அன்றைக்கு நான் கட்டையோடு இறங்கினபோது நீ என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியாதா கண்ணு, நீ யாருக்காக அந்த மண்ணில் படுத்தாய் என்று. உன்னைப் பெற்றதற்கு எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதா என்று நீ சொன்னபடி பார்த்துக்கொள்கிறோம். நீ ராத்திரி கண் விழிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. நோய்நொடி இல்லாமல், கைத்தொழில் துணையிருக்க, நூறு வருஷம் நன்றாக இரு.

இப்படிக்கு,
ஏற்றத்தில் வண்டியை விட்டு இறங்காத
உன் அம்மா