எட்டாவது தட்டு

மாப்ள,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி வரப்பில் ஏறினால் அடுத்த வரி வாய்க்காலில் இறங்குகிறது. சுழி போடும் எழுத்துகளில் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிவதில்லை. இவ்வளவு எழுதுவதற்கே காலை வெயில் திண்ணையைத் தாண்டி உரல் வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் இது என் கை. எழுபது வயதுக்கு மேல் எனக்கு முளைத்த புதுக் கை. எனக்கு வந்த கடிதத்தை எல்லாம் நீதான் வாசித்தாய், நான் போட்ட கடிதத்தை எல்லாம் நீதான் எழுதினாய். உனக்கு என்று நான் எழுதுவது இதுதான் முதல்.

பக்கத்தில் உன் சின்ன நோட்டு திறந்து கிடக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் அதில் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் வைத்தால் நம் ஊர் ஓடைப்பட்டி மறைந்துபோய் அந்த மலையும் தகரக் கொட்டகையும் வந்து நிற்கின்றன.

நீ போன பதினாறாம் நாள் உன் மகள் இதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அப்பா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாக, மாமா. வேற யாரும் பிரிச்சுப் பாக்கக் கூடாதுன்னாக.”

“எனக்கு வாசிக்கத் தெரியாதே ஆத்தா.”

“அதுக்குத்தான் ஒங்ககிட்டக் குடுக்கச் சொல்லிருப்பாக” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பிள்ளை விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நான் வாசிக்க மாட்டேன் என்ற நம்பிக்கையில் நீ எதை என்னிடம் விட்டுப் போனாய்?

மறுநாளே பஞ்சாயத்துக் கட்டிடத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். என்னைத் தவிர எல்லாரும் பெண்கள். நான் சிலேட்டோடு நிற்பதைப் பார்த்து, “யாருக்கு இந்த வயசுல லெட்டரு எழுதப் போறாக? கேரளாவுல ஏதும் பழசு இருக்கா?” என்று டீச்சரம்மாவிடமே கேட்டாள் என் வீட்டுக்காரி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கேரளாவில் பழசு இருக்கத்தான் செய்தது.

பட்டாளத்தில் பனிமலை மேல் நம் காவல் போஸ்ட் உனக்கு மறந்திருக்காது. நீ, சமையல்காரன் நான், மற்ற எட்டுப் பேர். உன் சட்டைக் கையில் அப்போதுதான் நாயக் என்று இரண்டு பட்டை ஏறியிருந்தது. முதல் மாதம் நீ போட்ட சத்தத்தில் கூரைப் பனிதான் உதிர்ந்தது, ஆள் ஒருவனும் அசையவில்லை. “நம்ம நாயக்குக்கு ஒரு மைக் செட்டுக் கடை வச்சுக் குடுக்கலாம்லே” என்று மதுரைக்காரன் என் காதில் சொன்னது உனக்கும் கேட்டுவிட்டது. சாயங்காலம் சமையல் கொட்டகைக்கு வந்தாய்.

“மாப்ள, இன்னைலருந்து எட்டுப் பேரும் வாங்குனதுக்கப்புறம் எனக்குப் போட்டாப் போதும். நான் இங்கன வாசல்ல நிக்கிறேன்.”

“எல்லா நாயக்கும் அப்பிடித்தான செய்வாக. இதுல என்ன புதுசு?”

“அவுக வரிசையப் பாப்பாக. நான் கையப் பாக்கப் போறேன். மூஞ்சி சமாளிச்சிரும்லே, தட்டு நீட்டுற கை சமாளிக்காது.”

அன்றிலிருந்து அந்த வாசல்தான் உன் பரேடு மைதானம். ஒருவன் தட்டு நடுங்கியது, காய்ச்சலை மறைக்கிறான் என்று காவலிலிருந்து இறக்கினாய். ஒருவன் கட்டைவிரலைத் தட்டில் படாமல் பிடித்தான், விரல் பனியில் கறுக்கத் தொடங்கியிருந்தது, அதை நீ பார்க்காமல் விட்டிருந்தால் அவனுக்கு அந்த விரல் இல்லை. ஊரிலிருந்து கடிதம் வராதவன் கை வரிசையில் கடைசியாக வரும். ஒவ்வொன்றையும் இந்த நோட்டில் பென்சிலால் எழுதினாய். இரண்டு மாதத்தில் உன் சத்தம் நின்றுவிட்டது. நீ சாதாரணமாகச் சொன்னாலே எட்டுப் பேரும் எழுந்தார்கள். கழுவுகிற தொட்டியில் எட்டு எச்சில் தட்டு விழுந்த பிறகுதான் நீ ஒன்பதாவதை எடுப்பாய். நீ தட்டை எடுத்தால் எங்கள் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. எல்லாரும் இருக்கிறோம் என்று அர்த்தம்.

அந்த எட்டுப் பேரில் தங்கச்சனுக்கு மட்டும் தட்டோடு ஒரு மக்கும் உண்டு. வெள்ளை மக், நீல விளிம்பு. கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் அவன் வீடு. “நம்ம மூணு பேரும் ஒரே மலைதான், நிங்கள் கீழே, ஞான் மேலே” என்பான். அந்த வாரம் அவனுக்குத் தொண்டை கட்டி மூன்று நாளாகப் பேச்சே இல்லை. மக்கையும் கரண்டியையும் எங்கே போனாலும் கையோடு வைத்திருந்து, ஏதாவது வேண்டும் என்றால் கரண்டியால் மக்கில் இரண்டு தட்டு தட்டுவான். டக், டக். நான் சுடுதண்ணீர் ஊற்றுவேன்.

அன்று காலையில் டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது. கம்பி வேலை அவனுக்குத்தான் தெரியும். சாப்பாட்டுக்குள் வந்துவிடச் சொல்லி அனுப்பிவிட்டு, நீ நான்கு பேரோடு ரோந்து போனாய். காவல் அலைச்சலில் முந்தைய நாளிலிருந்தே நீ சாப்பிடவில்லை. உச்சிப்பொழுதில் நீ திரும்பி வந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. பகல்தான், ஆனால் நீட்டிய கை தெரியவில்லை. உன் உதடு நீலமாக இருந்தது. கொட்டகைக்குள் வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

“எல்லாரும் சாப்ட்டாகளா?”

உனக்கு முன்னால் திரும்பிய ரோந்து ஆட்களையும் சேர்த்து ஏழு பேர் சாப்பிட்டிருந்தார்கள். தங்கச்சன் வரவில்லை. இப்போது வந்துவிடுவான், பாறைக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருப்பான் என்று நினைத்தேன். நீ விழுந்துவிடுவாய் என்று பயந்தேன்.

“சாப்ட்டாச்சு. நீ உக்காரு மாப்ள.”

நீ என்னைப் பார்த்தாய். பிறகு உட்கார்ந்தாய். நான் போட்டேன். நாலு வாய் தின்றிருப்பாய், வெளியே சத்தம் கேட்டது. டக், டக். நீ தலையைத் தூக்கினாய்.

“என்னலே சத்தம்?”

“தகரம். காத்துல அடிக்குது.”

அன்று காற்றே இல்லை, மாப்ள. மூடுபனி அப்படியே நின்றது. சத்தம் இன்னும் ஒருமுறை கேட்டது, பிறகு ஒருமுறை. நீ தலையைக் குனிந்து சாப்பிட்டாய். கையைக் கழுவும்போதுதான், “தங்கச்சன் எங்க?” என்றாய்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கம்பி போன பக்கமெல்லாம் தேடினோம். மறுநாள் காலை பனி விலகியது. கொட்டகையிலிருந்து நாற்பது அடி கீழே, கம்பிக்கு நேர் எதிர்ப்பக்கம், பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால் முறிந்திருந்தது. ஒரு கையில் மக், ஒரு கையில் கரண்டி. எங்களைப் பார்த்தபடியே இருந்தான்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நீ விறைப்பாக நின்று சொன்னது கொட்டகைக்குள் எனக்குக் கேட்டது. “தப்பு என்னுது சாப். சாப்பிட உக்காரும்போது நான் எண்ணல.” நான் கையில் கரண்டியோடு நின்றேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த லீவில் இரண்டு பேரும் கம்பத்தில் ஜீப் ஏறி மேலே போய் அந்த மக்கை அவன் அம்மாவிடம் கொடுத்தோம். அந்த அம்மாள் அழவில்லை. மக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “என்ட மோன் வல்லதும் கழிச்சிட்டாணோ போயது?” மகன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போனானா என்று. நீ சொன்னாய், “சாப்ட்டான் அம்மச்சி. வயிறு நெறயா.”

பிறகு நீ ஹவில்தார் ஆனாய், சுபேதார் ஆனாய். உன் பேரைச் சொன்னால் எந்த மலைக்கும் பையன்கள் கிளம்பினார்கள். எத்தனை பேர் இருந்தாலும் கடைசித் தட்டு உன்னுடையது. பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்து திராட்சை போட்ட பிறகும், வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் தூக்குச்சட்டியைத் திறப்பாய். மகள் கல்யாணத்தில் கடைசிப் பந்தியும் முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. நீ வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். “இன்னும் ஒருத்தன் வரணும்லே” என்றாய். யார் என்று நான் கேட்கவில்லை.

மார்கழியில் மேகமலைப் பக்கமிருந்து பனி இறங்கி, என் வீட்டை ஒட்டிய உன் தோட்டத்தை மூடும்போதெல்லாம் அந்தச் சத்தம் பந்தலுக்கு அடியில் கேட்டது. உனக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. நீ தலையைத் தூக்குவாய். நான், “பம்புசெட்டு ரூம்புத் தகரம், மாப்ள” என்பேன். “ஆமா, தகரந்தான்” என்பாய். இப்படியே முப்பது மார்கழி. ஒரு வருஷம் அந்த ரூமுக்கு நீ காங்கிரீட் போட்டுவிட்டாய். அந்த மார்கழியிலும் நான் தகரம் என்றேன். நீயும் தகரம்தான் என்றாய்.

படுக்கையில் விழுந்த கடைசி வாரம் கஞ்சியைக்கூட நீ வாயில் வாங்கவில்லையாம். “எல்லாரும் சாப்ட்டாகளா?” என்று மட்டும் கேட்டாயாம். “சாப்ட்டாச்சுப்பா” என்று உன் மகள் சொல்லச் சொல்ல, அவள் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாயாம்.

நோட்டில் என் பக்கத்தைத்தான் முதலில் கண்டுபிடித்தேன். என் பேர்தான் எனக்கு முதலில் வாசிக்க வந்தது. எழுத்துக்கூட்டி முடிக்க ஒரு பொழுது ஆனது. ‘ஓடைப்பட்டி. அம்மா மட்டும். கெட்டிக்காரன். பொய் சொன்னால் கரண்டி இடது கைக்குப் போகும்.’ வாய்விட்டுச் சிரித்தேன், மாப்ள. அடுப்பங்கரையிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அப்படியா எனக்கு ஒரு பழக்கம்? இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே நீ.

சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கத்துக்கு நான்கு நாள் ஆனது. முதல் நாள் முதல் வரி மட்டும். எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது, மூடுபனிக்குள்ளிருந்து ஆள் வருகிற மாதிரி.

‘தொட்டியில் ஏழு தட்டு. எண்ணினேன். கரண்டி இடது கையில் இருந்தது. பார்த்தேன். தகரம் என்றான். தகரம் என்றே வைத்துக்கொண்டேன். சோறு சூடாக இருந்தது.’

அதற்குக் கீழே வேறு பென்சிலில் ஒரு வரி. ‘அதிகாரியிடம் எண்ணவில்லை என்று சொன்னேன்.’

இதைத்தான் நான் வாசிக்கக் கூடாது என்று என்னிடமே கொடுத்தாயா? என் பொய் உனக்குத் தெரியாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ எண்ணியது எனக்குத் தெரியாது என்று நீ மூடிக்கொண்டிருந்தாய். நடுவில் அவன் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான்.

வாசித்து முடித்த மறுநாள் காலையில் பனி. டக், டக். வீட்டுக்காரி வாசலில் கோலப்பொடியோடு நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் கேட்டாள்.

“அங்கன பந்தலுக்குள்ள யாரு தட்டுறது? ஒங்களுக்குக் கேக்குதா?”

தகரம் என்று நாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

“தங்கச்சன்” என்றேன். “இன்னும் சாப்பிடல.”

அவள் என்னையே பார்த்தாள். கோலப்பொடியைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள். சுடுசோற்றை ஒரு தட்டில் போட்டு, பந்தல் தொடங்கும் இடத்தில் வைத்தேன். “வா தங்கச்சா, சோறு சூடாத்தான் இருக்கு” என்று கூப்பிட்டேன். சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. முன்னைவிட ஒரு கல்தூண் அளவு கிட்டத்தில்.

அன்றிலிருந்து தினமும் வைக்கிறேன். கால் முறிந்தவன் அல்லவா, மெதுவாகத்தான் வருகிறான். நாளுக்கு ஒரு தூண். பனியில் தூண்களுக்கு நடுவே எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தத்தை வைத்துத்தான் எண்ணுகிறேன். வாசலிலிருந்து எண்ணினால் நேற்று எட்டாவது தூண். இன்று, இதை எழுத உட்காரும் முன்னால், ஏழு. வீட்டுக்காரி பயப்படவில்லை. “வர்ற புள்ளைக்கு வெறுஞ்சோறா வப்பாக?” என்று இன்று ரசமும் ஊற்றிக் கொடுத்தாள். எனக்கும் பயம் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, மாப்ள. எழுதத் தெரிந்த சந்தோஷமா இதுவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கணக்குப்படி அடுத்த வாரம் இதே கிழமையில் வாசலுக்கு வந்துவிடுவான். நீயும் இன்னும் சாப்பிடாமல் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவன் தின்று முடித்துத் தட்டைத் தொட்டியில் போட்ட பிறகு, அன்றைக்கே உனக்கு எழுதுகிறேன். இந்த முறை கரண்டி வலது கையில்தான் இருக்கும். நீ நம்பி உட்காரலாம்.